மீன் செத்த ஓடை சுத்தமாகிவிட்டதா?

சுவிஸ் ஓடைகளில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தால், அடிக்கடி கண்டறியப்படும் காரணம் தொழிற்சாலை அல்ல, மாட்டுப் பண்ணை. புல்வெளிக்கு விசிறும் ‘கியுலே’, அதாவது சாணமும் மூத்திரமும் கலந்த கரைசல், வழிந்து ஓடையில் இறங்கிவிடுகிறது.

கடந்த வசந்தத்தில் எங்கட ஊரிலும் இது நடந்தது. இரண்டு நாள் கழித்து, தண்ணீர் வழமைக்குத் திரும்பிவிட்டதென ஒரு வரியில் அறிவிப்பு வந்தது. “பிறகென்ன தம்பி, தண்ணி கண்ணாடி மாதிரித்தானே கிடக்கு?” என்றார் பக்கத்து வீட்டு அண்ணை.

அங்கேதான் சிக்கல். ஓடுகிற தண்ணீர் சாட்சியை வைத்திருக்காது. சின்ன ஓடையில் நஞ்சு சில மணி நேரத்தில் கடந்துபோய்விடும். அடுத்த நாள் போத்தலில் அள்ளுவது வேறு தண்ணீர். அதில் அமோனியா இல்லையென்றால், அது அன்றைய தண்ணீருக்கு மட்டுமே சான்றிதழ். அமோனியாவின் குணமும் விசித்திரமானது. 20 பாகை வெப்பத்தில், தண்ணீரின் பி.எச். 7 ஆக இருக்கையில் மீனைக் கொல்லும் வடிவம் நூற்றில் அரைப் பங்குகூட இல்லை. 8 ஆனால் ஏறக்குறைய 4, 9 ஆனால் கால்வாசிக்கும் மேல். ஆகவே பி.எச்., வெப்பநிலை இரண்டையும் குறிக்காமல் அமோனிய அளவை மட்டும் சொல்வது அரைக் கணக்கு.

1986 நவம்பர் 1ஆம் திகதி பாசல் அருகே சாண்டோஸ் களஞ்சியம் எரிந்தபோது, தீயணைத்த தண்ணீரோடு பூச்சிகொல்லிகள் கலந்து ரைன் நதி சிவந்தது. பல நூறு கிலோமீற்றருக்கு விலாங்குகள் செத்தன. நிறம் இருந்தபடியால் உலகமே பார்த்தது. பிறகு ரைனுக்குக் கண்காணிப்பு நிலையம் வந்தது. ஊர் ஓடைக்கு யார் வைப்பார்கள்?

ஓடைக்குள்ளேயே ஒரு பதிவேடு இருக்கிறது. கல்லைப் புரட்டினால் அதன் அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிக் குடம்பிகள்தான் அது. அவை மீனைப்போல நீந்தித் தப்பாது. மாதக்கணக்கில், சில இனங்கள் வருடக்கணக்கில் அங்கேயே வாழும். கழிவு கலந்த இடத்துக்கு மேலேயும் கீழேயும் ஒரே மாதிரி வலைவைத்து எண்ணிப் பார்க்க வேண்டும். மேலே கல்லீ, மேஈக் குடம்பிகளும் நன்னீர்க் கூனிகளும் நிறைய இருந்து, கீழே வெறும் சிவப்புப் புழுக்கள் மட்டும் என்றால் ஓடை இன்னும் நோயாளிதான். பூச்சிகள் மேலிருந்து அடித்து வரப்பட்டு சில மாதங்களில் குடியேறலாம். எல்லா வயது மீனும் மறுபடி இருக்க வருடங்கள் வேண்டும். இந்த எண்ணிக்கை வராமல் ‘வழமைக்குத் திரும்பியது’ என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். அபராதமும் இழப்பீடும் இதை வைத்துத்தானே பேசப்பட வேண்டும்?

நம்மவர்களிடமும் ஒரு தயக்கம் இருக்கிறது. குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிற நேரம் பொலிஸோடு நமக்கேன் சோலி என்று பேசாமல் நடந்துவிடுகிறோம். முறைப்பாடு கொடுப்பவர் குற்றவாளி இல்லையப்பா! தாமதிக்கிற ஒவ்வொரு மணித்தியாலமும் மாசுபடுத்தியவருக்குத்தான் இலாபம்.

செத்த மீனைக் கண்டால் உடனே 117. காத்திருக்கும் நேரத்தில் படம் எடுங்கள். கழுவிய போத்தல் இருந்தால் தண்ணீரை நிரப்பி மூடிவையுங்கள், ஆனால் வெறுங்கையால் தொடாதீர்கள். ஜெர்மன் சரளமாக வராவிட்டாலும் பரவாயில்லை. ‘ஃபிஷ்ஷ்டெர்பன்’ என்ற ஒரு சொல்லும், ஓடையின் பெயரும், கிட்ட இருக்கும் பாலமும் சொன்னால் அவர்களுக்கு விளங்கும்.