உங்களுக்குத் தெரியுமா? தம்பதியரில் இருவருக்கும் ஆசை ஒரே அளவில் இருப்பதில்லை!

சென்னிமலைப் பக்கம் பத்துப் பதினைந்து வருடம் குடும்பம் நடத்திய தம்பதியரிடம் பேசிப் பாருங்கள். நூல் விலை, தறிக் கூலி, பிள்ளைகளின் படிப்பு, குழுக் கடன் என எல்லாம் மனம்விட்டுச் சொல்வார்கள். ஒருவருக்கு ஆசை இருக்கிறது, மற்றவருக்கு இல்லை என்ற பேச்சு மட்டும் வாய்வரை வந்து நின்றுவிடும். டாக்டரிடம் போனாலும் "ஒடம்பு அசதியா இருக்குதுங்க" என்பதோடு சரி. அந்தப் பேச்சைத் தொடங்கிவைக்கத்தான் இந்த வாரத் துணுக்குகள்.

நாலு பேரில் ஒருவர்

பிரிட்டனில் 2010 முதல் 2012 வரை 15,162 பேரிடம் பாலுறவு பற்றிய தேசிய ஆய்வு நடந்தது. ஓராண்டாகத் துணையோடு இருந்தவர்களில் பெண்கள் 27.4 சதவீதமும் ஆண்கள் 23.4 சதவீதமும், தனக்கும் துணைக்கும் நாட்டம் ஒரே அளவில் இல்லை என்றார்கள். ஆகவே இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை.

யார்மேல் குறை?

ஒரு காலத்தில் ஆசை குறைந்தவரை நோயாளி என்றே மருத்துவம் பார்த்தது. 1980-ல் அமெரிக்க உளவியலாளர்கள் பெர்னி ஸில்பர்கெல்டும் கரோல் எலிசனும் அதை மாற்றிச் சொன்னார்கள்: குறை ஒரு ஆளிடம் இல்லை, இரண்டு பேரின் அளவுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம்தான் சிக்கல். இன்று இத்துறை மருத்துவர்கள் பலரும் தம்பதியரைச் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவது இதனால்தான்.

வாத்ஸ்யாயனர் போட்ட கணக்கு

வாத்ஸ்யாயனரின் காமசூத்திரம் ஆசையின் வேகத்தை மந்தம், நடுத்தரம், தீவிரம் என மூன்றாகப் பிரிக்கிறது. ஆணில் மூன்றையும் பெண்ணில் மூன்றையும் ஜோடி சேர்த்தால் ஒன்பது வகை. அதில் இருவர் வேகமும் ஒத்துப்போவது மூன்றுதான்; மீதி ஆறும் ஏறுமாறு. பல நூற்றாண்டுக்கு முன்பே ஏறுமாறான வகைகளைத்தான் அதிகம் எழுதிவைத்திருக்கிறார்கள்.

வள்ளுவரின் பதினெட்டு

திருக்குறளின் காமத்துப்பாலில் 25 அதிகாரம். திருமணத்துக்கு முந்தைய களவியலுக்கு 7, பிந்தைய கற்பியலுக்கு 18. நூலின் கடைசி மூன்று அதிகாரங்களும் (புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை) கணவன் மனைவிக்குள் வரும் பிணக்கையும் அது தீர்வதையும் பற்றியவை. கல்யாணத்துக்குப் பின் ஆசையைப் பற்றிப் பேசுவது நம் மரபுக்குப் புதிதல்ல.

ஆசை முன்னால் வருமா, பின்னால் வருமா?

சிலருக்கு ஆசை தானாக எழும். அதன் பிறகு துணையை நாடுவார்கள். வேறு சிலருக்கு அப்படி வராது. பேச்சு, சிரிப்பு, தொடுதல் என நெருக்கம் தொடங்கிய பிறகே ஆசை மெதுவாக எழும். கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த டாக்டர் ரோஸ்மேரி பாஸன் 2000-ல் இதை விளக்கினார். நீண்டநாள் தாம்பத்தியத்தில் பல பெண்களுக்கு இந்த இரண்டாவது வகையே இயல்பு, ஆண்களிலும் உண்டு.

இது தெரியாததால் எத்தனை வீட்டில் சண்டை! "நீயா ஒருநாளும் கிட்ட வந்ததில்லையே" என்று கணவர் வருந்துவார். "எனக்கு என்னமோ ஆயிருச்சு" என்று மனைவி பயப்படுவாள். அவர்மேல் பிரியமில்லாமல் போனதுமில்லை. அவள் உடம்பில் கோளாறும் இல்லை. ஆசை எழும் வழி வேறு, அவ்வளவுதான்.

தூண்டுவது ஒன்று, தடுப்பது ஒன்று

பாலியல் ஆய்வு நடத்தும் கின்ஸி நிறுவனத்தின் ஜான் பாங்க்ராஃப்டும் எரிக் யான்ஸனும் சொன்ன கருத்து இது: ஆசையைத் தூண்டும் விசையும் தடுக்கும் விசையும் மூளையில் தனித்தனி. தடுப்பு பலமாக இருந்தால் எவ்வளவு தூண்டினாலும் பயனில்லை. நம் வீடுகளின் தடுப்புகளை எண்ணிப் பாருங்கள்: தாழ்ப்பாள் சரியாக விழாத கதவு, பக்கத்து அறையில் இருமும் மாமனார், நடுவில் படுக்கும் குழந்தை, விடிந்தால் கட்டவேண்டிய குழுத் தவணை, சாயங்காலம் சொன்ன ஒரு சுடுசொல். மல்லிகைப்பூ வாங்கிவருவதற்கு முன்னால் தாழ்ப்பாளைச் சரிபண்ணுங்கள்.

போர்வை நெய்யும் ஊரில் தூக்கம்

சென்னிமலை பெட்ஷீட்டும் போர்வையும் எத்தனையோ ஊர்களுக்குப் போகின்றன. நெய்பவருக்குத்தான் தூக்கம் குறைவு. பெருந்துறை சிப்காட்டில் ஷிப்ட் பார்ப்பவருக்கும் அப்படியே.

2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இளம் ஆண்கள் 10 பேரை ஒரு வாரம் இரவுக்கு 5 மணி நேரமே தூங்கவிட்டார்கள். ஆசையோடு தொடர்புள்ள டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனின் பகல்நேர அளவு 10 முதல் 15 சதவீதம் இறங்கியது. 2015-ல் மிஷிகன் பல்கலைக்கழகத்தினர் 171 பெண்களை 14 நாள் கவனித்தார்கள். ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினால், மறுநாள் துணையோடு உறவு கொள்ளும் வாய்ப்பு 14 சதவீதம் கூடியது.

சோகை பிடித்த உடம்பு

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாடி ஏறவே மூச்சு வாங்கும் உடம்பில் ஆசைக்கு எங்கே தெம்பு? தைராய்டு குறைவும் இதே வேலையைச் செய்யும். ஒரு ரத்தப் பரிசோதனையில் இரண்டும் தெரிந்துவிடும்.

மாத்திரையும் காரணமாகலாம்

மனச்சோர்வுக்குத் தரும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகளும் சில பிரஷர் மாத்திரைகளும் நாட்டத்தையோ விறைப்பையோ குறைக்கலாம். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை ஆண்களின் நரம்பையும் ரத்தக்குழாயையும் கெடுக்கும். முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் மனைவியை விட்டு விலகிப் படுப்பவர்கள் உண்டு. அவளோ தன்மேல் வெறுப்பு என்று நினைத்துக்கொள்வாள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் மாற்று மருந்து உண்டு.

பால் கொடுக்கும் மாதங்கள்

தாய்ப்பால் தரும்போது புரோலாக்டின் உயரும், ஈஸ்ட்ரோஜன் தாழும். ஆசை குறையும், பிறப்புறுப்பு வறளும். இது உடம்பின் ஏற்பாடு. பிரசவமான ஆறாவது வாரம் டாக்டர் 'சரி' என்று சொன்னால் காயம் ஆறிவிட்டது என்றுதான் பொருள். மனமும் தயார் என்று பொருளில்லை.

மாதவிலக்கு நின்ற பிறகு

ஐம்பதை ஒட்டி மாதவிலக்கு நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைந்து வறட்சியும் வலியும் வரலாம். வலிக்கும் ஒன்றின்மேல் யாருக்கும் ஆசை வராது. மருந்துக்கடையில் கிடைக்கும் நீர் சார்ந்த வழவழப்பு ஜெல் பலருக்குப் போதும். போதாவிட்டால் மகப்பேறு மருத்துவர் ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுதித் தருவார். ஒரு எச்சரிக்கை: தேங்காய் எண்ணெய் லேடெக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கிக் கிழித்துவிடும்.

ஆபரேஷன் ஆசையை அறுக்காது

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனில் பெண்ணுக்குக் கருக்குழாயையும் ஆணுக்கு விந்துக்குழாயையும் மட்டுமே அடைக்கிறார்கள். சினைப்பையும் விரையும் அப்படியே இருந்து ஹார்மோனைச் சுரக்கும். "ஆபரேஷன் பண்ணுனா ஆம்பளைத்தனம் போயிரும்" என்பது வெறும் புரளி.

நாள் குறித்த நெருக்கம்

குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கும் தம்பதியர், டாக்டர் சொன்ன தேதியில் சேர்ந்தாக வேண்டும். அப்போது நெருக்கம் கடமையாகிறது, ஆசை வடிகிறது. ஒருவரையொருவர் உயிராக நேசிக்கும் தம்பதியரைப் பிள்ளையில்லை என்ற ஊர்ப்பேச்சு எப்படி அரித்துத் தின்னும் என்பதைத் திருச்செங்கோட்டைக் களமாக வைத்து எழுதினார் பெருமாள்முருகன். 2010-ல் வந்த அந்த நாவல் 'மாதொருபாகன்'. சிகிச்சை எடுப்பவர்கள், தேதி குறிக்காத நாட்களையும் தங்களுக்கென்று வைத்துக்கொள்வது நல்லது.

சஷ்டி விரதம் சொல்லித்தருவது

கந்த சஷ்டிக் கவசத்தைத் தேவராய சுவாமிகள் அரங்கேற்றிய தலம் சென்னிமலை என்பது இவ்வூரின் பெருமை. சஷ்டி விரதம் இருக்கும் தம்பதியர் ஆறு நாளும் விலகியே படுப்பார்கள். ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதும் வழக்கம். இந்த விலகலால் எந்தக் குடும்பமும் உடைந்ததில்லை. ஏன்? இருவருக்கும் காரணம் தெரியும், முடியும் நாளும் தெரியும். புண்படுத்துவது காரணம் சொல்லாத விலகல். ஆறு மாதம் பேசாமல் திரும்பிப் படுப்பதைவிட, "ஒரு மாசம் போகட்டும், அப்புறம் பேசலாம்" என்று சொல்லி விலகுவது எவ்வளவோ மேல்.

வாரம் எத்தனை தடவை?

கனடாவில் ஏமி மியூஸ் குழு 30,000-க்கும் அதிகமானோரின் விவரங்களை அலசி 2015-ல் வெளியிட்டது. வாரம் ஒருமுறை வரை உறவு கூடக்கூட மகிழ்ச்சியும் கூடியது. அதற்கு மேல் கூடவில்லை. அதே ஆண்டு கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 64 தம்பதியரைச் சேர்த்து, அதில் ஒரு பகுதியினரிடம் உறவை இரண்டு மடங்காக்கச் சொன்னது. அவர்களுக்கு மகிழ்ச்சி கூடவில்லை, ஆசைதான் குறைந்தது. சொல்லிச் செய்வதில் சுகம் இல்லை.

'மாட்டேன்' என்பதை எப்படிச் சொல்வது?

முகம் திருப்பிக்கொண்டால் கேட்டவருக்கு அவமானம். மனமில்லாமல் சம்மதித்தால் கொடுத்தவருக்கு வெறுப்பு. நடுவழி இப்படி இருக்கும்:

"ஏனுங்க, இன்னிக்கு முதுகு ஒரே வலியா இருக்குதுங்க. ஞாயித்துக்கெழமை புள்ளைங்க அம்மிச்சி ஊட்டுக்குப் போயிருவாங்க. அப்ப நம்ம ரெண்டு பேருந்தானே?"

"செரி அம்மிணி, நீ படு. பாத்தரத்த நான் வெளக்கி வெச்சர்றேன்."

மறுப்பு இன்றைக்கு மட்டும், ஆளுக்கு அல்ல. காரணம் இருக்கிறது, வேறொரு நாளும் இருக்கிறது. கேட்டவரும் முகம் சுண்டவில்லை. ஒன்று மட்டும் நிபந்தனை: ஞாயிற்றுக்கிழமையை மறக்கக் கூடாது. அன்றும் மனமில்லை என்றால் அதையும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

தொடுதலை மீட்பது

"கையைப் புடிச்சா அது அங்கதான் போய் முடியும்" என்ற பயத்தில் கைபிடிப்பதையே விட்டுவிட்ட தம்பதியர் நிறைய. பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1970-ல் தங்கள் நூலில் தந்த பயிற்சி இவர்களுக்கானது. தொடக்கத்தில் உறவுக்கு முழுத்தடை. ஒருவர் மற்றவரின் கை, முதுகு, பாதம், தலைமுடியை மெதுவாகத் தொட வேண்டும். பிறகு மாறிக்கொள்ள வேண்டும். எது இதம், எது கூச்சம் என்று சொல்ல வேண்டும். படிப்படியாகவே மற்றவை. முடிவை எட்டவேண்டும் என்ற நெருக்கடி போனதும் பலருக்கு ஆசை தலைகாட்டுகிறது.

லாட்ஜ் வைத்தியர்கள்

ஊர் ஊராக லாட்ஜில் ரூம் போட்டு 'ஆண்மைக்குறைவுக்கு உத்தரவாதம்' என்று விளம்பரம் செய்பவர்களை நம்பாதீர்கள். பாலின்பத் திறனைக் கூட்டும் என்று மருந்தை விளம்பரப்படுத்துவது, 1954-ன் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டப்படியே குற்றம்.

நீலநிற மாத்திரை

1998-ல் வந்த சில்டெனாஃபில், அதாவது வயாகரா, ஆசையைக் கூட்டாது. ஆசை இருக்கும்போது ரத்த ஓட்டத்துக்கு உதவும், அவ்வளவே. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்து எடுப்பவர் இதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நீண்டகாலம் காரணமின்றி ஒருவர் தன்னிச்சையாக உறவை மறுப்பது மனக்கொடுமையாகலாம் என்று 2007-ல் சமர் கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. மறுபக்கம், மனைவியைப் பாலியல்ரீதியாக வதைப்பது 2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் வன்முறையே. கணவன் பலவந்தப்படுத்தியதால் உண்டான கருவையும் கருக்கலைப்புச் சட்டத்தின் நோக்கத்துக்கு வன்புணர்ச்சிக் கருவாகவே கொள்ளலாம் என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாலி கட்டியதாலேயே ஒவ்வொரு இரவுக்கும் சம்மதம் எழுதிக்கொடுத்ததாகாது. பலவந்தம் இருந்தால் இது ஆசை வித்தியாசம் அல்ல, பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

யாரிடம் போவது?

விஜய் டிவியில் டாக்டர் மாத்ருபூதம் 'புதிரா? புனிதமா?' நிகழ்ச்சியில் இந்தப் பேச்சைக் கூசாமல் வீட்டுக்கூடத்துக்கே கொண்டுவந்தார். அவர் ஒரு மனநல மருத்துவர். உடம்பில் காரணம் இருக்கிறதா என்று முதலில் பொது மருத்துவரிடமோ மகப்பேறு மருத்துவரிடமோ பாருங்கள்; பிறகு மனநல மருத்துவரிடம் போகலாம். சென்னிமலைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே பெருந்துறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வெளியே போகத் தயக்கமா? டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை.

பசி ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஒரே பந்தியில் உட்கார்ந்தாலும் யாரும் யாரையும் குற்றம் சொல்வதில்லை. ஆசைக்கும் அந்த மரியாதையைக் கொடுங்கள். இந்த வாரமே, படுக்கையில் அல்லாமல் மலையடிவாரத்திலோ பைக்கில் போகும் வழியிலோ, உங்கள் துணையிடம் ஒன்று கேளுங்கள்: "உனக்கு எப்படி இருந்தா நல்லா இருக்கும்?" வரும் பதிலைக் கோபப்படாமல், குறுக்கே பேசாமல், முழுதாகக் கேளுங்கள்.