இரண்டும் உண்மைதான்!

"இதற்கெல்லாமா ஒருத்தி அழுவாள்?"

நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. கேட்பவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அழுகையை நிறுத்தத்தான் கேட்கிறார். ஆனால் அழுகிறவள் மனத்தில் அது எப்படிப் போய்த் தைக்கிறது என்பதை ஆழ்ந்து சிந்தித்தவர் ஓர் அமெரிக்க மாது. பெயர், மார்ஷா லினெஹன்.

ஓக்லஹோமா மாநிலத்து டல்ஸா நகரில் 1943-ல் பிறந்தவர் அவர். 1961-ல், 17 வயதில், ஹார்ட்ஃபர்ட் நகரத்து மனநோய் மருத்துவமனை ஒன்றில் அவரைச் சேர்த்தார்கள். தம் உடம்பைத் தாமே காயப்படுத்திக் கொண்டார். தனி அறையில் அடைத்தார்கள், மருந்து கொடுத்தார்கள், மின்சார அதிர்ச்சியும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தும் குணம் தெரியவில்லை. ஆனால் அவர் ஒரு சபதம் செய்துகொண்டார்: இந்த நரகத்திலிருந்து எப்படியாவது வெளியேறுவது, பிறகு திரும்பி வந்து மற்றவர்களையும் கைதூக்கி விடுவது!

1963-ல் வெளியே வந்தார். சிகாகோவில் வேலை பார்த்துக்கொண்டே இரவு வகுப்பில் படித்து, 1971-ல் லயோலா பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் ஸியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக் கழகத்தில் பேராசிரியையானார். தற்கொலை எண்ணத்தில் தவிக்கும் பெண்களுக்குச் சிகிச்சை செய்யத் தொடங்கினார்.

"உன் பழக்கங்களை மாற்றிக்கொள்" என்று சொல்லிப் பார்த்தார். "அப்படியானால் எல்லாம் என் தப்புத்தானா?" என்று அவர்கள் சீறினார்கள். வெறும் அனுதாபம் காட்டிப் பார்த்தார். "எங்கள் துன்பம் தீர வழியில்லையா?" என்று மனம் உடைந்தார்கள். கடைசியில் இரண்டையும் சேர்த்தே சொன்னார்: "உன் வேதனை நியாயமானது. நீ மாறவும் வேண்டும்." ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இரண்டு உண்மைகளை ஒரே பாயில் உட்கார வைப்பதுதான் 'டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி' என்ற இந்தச் சிகிச்சையின் சூட்சுமம். சுருக்கமாக, டி.பி.டி.

வாரம் ஒரு முறை நிபுணருடன் தனியே பேச்சு. இன்னொரு முறை பலர் கூடிப் பயிலும் வகுப்பு. நெருக்கடி நேரத்தில் டெலிபோனில் யோசனை. வழக்கமாக ஒரு வருஷம் நடக்கும். வகுப்பில் நான்கு பாடங்கள்.

முதலாவது, விழிப்பு. 'குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்றார் மாமியார்' என்பது நடந்தது. 'என்னை அவமதிக்கவே சொன்னார்' என்பது நம் ஊகம். இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

இரண்டாவது, தாங்கும் சக்தி. மனம் கொதிக்கும்போது, மூச்சை அடக்கிக் குளிர்ந்த நீரில் அரை நிமிஷம் முகத்தை அமிழ்த்தச் சொல்கிறார்கள். நீரில் மூழ்கும்போது இதயத் துடிப்பு மட்டுப்படுவது உடம்பின் இயல்பு. (இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது.)

மூன்றாவது, உணர்ச்சிக்கு எதிர்நடை. காரணமில்லாத பயம் 'ஒளிந்துகொள்' என்கிறதா? துணிந்து எதிரே போ. அர்த்தமற்ற கோபம் 'கத்து' என்கிறதா? குரலைத் தாழ்த்து.

நான்காவது, கேட்கும் விதம். கணவர் தாமதமாக வருகிறார். "வீடு என்ற நினைவு இருக்கிறதா உங்களுக்கு?" என்றால் சண்டைதான். "மூன்று நாளாக ஒன்பது மணிக்கு மேல் ஆகிறது. தகவல் இல்லாமல் பயமாக இருக்கிறது. நேரமானால் ஒரு போன் பண்ணிவிடுங்கள், நானும் நிம்மதியாகச் சாப்பிடுவேன்" என்று சொல்லிப் பாருங்கள்! நடந்தது, நம் உணர்ச்சி, நம் வேண்டுகோள், அதனால் விளையும் நன்மை - நான்கும் அதில் இருக்கின்றன.

இந்தச் சிகிச்சை பெற்ற பெண்கள் தம்மைத் தாமே துன்புறுத்திக் கொள்வது குறைந்தது என்று 1991-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. 1993-ல் சிகிச்சை முறையை விவரிக்கும் நூல் வந்தது. இவ்வளவு சாதித்தவர், தாமும் ஒரு நோயாளியாக இருந்ததை 2011-ல்தான் பகிரங்கமாகச் சொன்னார். எங்கே தெரியுமா? தம்மை அடைத்து வைத்திருந்த அதே மருத்துவமனையில், கூடியிருந்தவர்கள் முன்னால்!

சரி, வீட்டில் இருக்கும் நமக்கு இதில் என்ன? சிலர் பிறவியிலேயே எதையும் ஆழமாக உணர்கிறவர்கள். அவர்களைச் சுற்றியுள்ளவர்கள் அந்த உணர்ச்சியைப் பொய் என்றும் பாசாங்கு என்றும் தள்ளிக்கொண்டே இருந்தால், தவிப்பு பன்மடங்காகிறது என்பது லினெஹனின் கருத்து. உணர்ச்சியை ஒப்புக்கொள்வது வேறு. செய்கையை ஒப்புக்கொள்வது வேறு. தட்டை வீசியெறிந்த பெண்ணிடம், "உனக்கு ஆத்திரம் வந்தது புரிகிறது. தட்டை எறிந்தது சரியில்லை" என்று இரண்டையும் சொல்லலாம்.

முற்றிய வேதனைக்குப் பயிற்சி பெற்ற நிபுணரின் உதவி அவசியம். ஆனால் முதல் மருந்து வீட்டிலேயே இருக்கிறது. அடுத்த முறை ஒருத்தி அழும்போது, "இதற்கெல்லாமா?" என்று கேட்கும் முன் நாக்கைச் சற்றுக் கட்டிப்போடுங்கள். "ரொம்ப வலிக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு அங்கிருந்துதான் ஆரம்பமாகும்.