லைட் பளிச்சுன்னு எரியுது, செல்ஃப் மட்டும் எடுக்கல!

பத்துப் பதினைஞ்சு வருஷம் ஓடின டீசல் எஸ்யூவி ஒண்ணு உங்க சொந்தக்காரங்க யார் வீட்டுலயாவது நிக்கும். சுமோ, ஸ்கார்ப்பியோ, குவாலிஸ், எதுவா வேணா இருக்கட்டும். எங்க மாமா அப்படி ஒரு வண்டியை வச்சு சவாரி ஓட்டுறார். ஒரு முகூர்த்த நாள் விடியக்காலை சாவியைத் திருப்பினா 'டக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி போயிடுச்சுன்னு புதுசு போட்டார். அப்பவும் 'டக்'. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி சர்வீஸ் பண்ணாங்க. மறுபடியும் 'டக்'. சவாரியும் போச்சு, பில்லும் ரெண்டு வந்துச்சு. கடைசியில பார்த்தா, பேட்டரி நெகட்டிவ்ல இருந்து வர்ற எர்த் கேபிளை சேஸிஸ்ல முடுக்கியிருந்த இடம் துருப்பிடிச்சுக் கிடந்தது.

இத்தனைக்கும் ஹெட்லைட் பளிச்சுன்னு எரிஞ்சுது. எப்படி? முதல் வருஷம் படிச்ச ஓம் விதிதான். துருப்பிடிச்ச அந்த இடத்துல வெறும் 0.03 ஓம் தடைன்னு வச்சுக்கோங்க. ஹெட்லைட் ரெண்டும் சேர்ந்து எடுக்கிறது 10 ஆம்பியர் கிட்ட. அதுக்கு இழப்பு 0.3 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. ஆனா டீசல் இன்ஜினைச் சுத்த செல்ஃபுக்கு 200 ஆம்பியருக்கு மேல வேணும். அதே 0.03 ஓம்ல 200 ஆம்பியர் போகணும்னா 6 வோல்ட் அங்கேயே காலி. 12 வோல்ட்ல பாதி! அப்புறம் மோட்டார் எங்க சுத்தும்?

இதைக் கண்டுபிடிக்க லேப்ல இருக்கிற மாதிரி ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். வண்டியை நியூட்ரல்ல போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்துடுங்க. முதல்ல பேட்டரி. ராத்திரி முழுக்க சும்மா நின்ன வண்டியில 12.6 வோல்ட் கிட்ட காட்டினா முழு சார்ஜ். ஒருத்தர் சாவியைத் திருப்பும்போது 9.6-க்குக் கீழ விழுந்தா பேட்டரி மேல சந்தேகப்படலாம். அடுத்து, மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும், இன்னொண்ணை இன்ஜின் பிளாக்ல பெயின்ட் இல்லாத இடத்துலயும் வச்சு மறுபடி திருப்பச் சொல்லுங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த்துலதான் கோளாறு. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, இறுக்கி முடுக்குங்க. பாசிட்டிவ் பக்கமும் பேட்டரிக்கும் செல்ஃபுக்கும் நடுவுல இதே மாதிரி பார்க்கலாம். ஃபேன் பெல்ட்டுல ஒயர் சிக்காம பார்த்துக்கோங்க. வண்டி ஸ்டார்ட் ஆனதும் பேட்டரியில 14 வோல்ட் கிட்ட வரணும். 12-லயே நின்னா டைனமோ சார்ஜ் பண்ணலைன்னு அர்த்தம்.

அடுத்த பெரிய தலைவலி, ஹீட் ஆகுறது. எப்போ ஹீட் ஆகுதுன்னு கவனிச்சாலே பாதி விடை கிடைச்சிடும். டிராஃபிக்ல நின்னா முள் ஏறி, ஹைவேல போனா இறங்குதா? காத்து பத்தலை. இந்த மாதிரி வண்டிகள் நிறையதுல ஃபேன் நடுவுல ஒரு விஸ்கஸ் கிளட்ச் இருக்கும். உள்ள இருக்கிற சிலிக்கான் ஆயில் கசிஞ்சா ஃபேன் பேருக்குத்தான் சுத்தும். இன்ஜின் சூடா இருக்கும்போது ஆஃப் பண்ணி, சாவியை எடுத்துட்டு, ஃபேனைக் கையால தள்ளிப் பாருங்க. தடையே இல்லாம ரெண்டு மூணு சுத்து ஓடினா கிளட்ச் போச்சு. இதுக்கு நேர்மாறா, நிக்கும்போது சரியா இருந்து ஹைவேல மட்டும் ஹீட் ஆனா, ரேடியேட்டர் உள்ள அடைச்சிருக்கலாம், இல்ல தெர்மோஸ்டாட் முழுசா திறக்காம இருக்கலாம்.

ஒரு விஷயத்துல மட்டும் வீரம் வேண்டாம். சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க. உள்ள பிரஷர் குக்கர் கணக்குதான். அழுத்தத்துல 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காம இருக்கிற தண்ணி, மூடியைத் திறந்த அடுத்த நொடி ஆவியாகி முகத்துல அடிக்கும். அரை மணி நேரமாவது பொறுங்க.

புகையும் பேசும். கறுப்புன்னா டீசலுக்கு ஏத்த காத்து கிடைக்கலை. ஏர் ஃபில்டரையும் டர்போ ஹோஸையும் பாருங்க. நீலம்னா இன்ஜின் ஆயில் எரியுது. இன்ஜின் நல்லா சூடான பிறகும் வெள்ளைப் புகை அடங்கலை, வெளியில ஒழுக்கு இல்லாமலே கூலன்ட் குறையுதுன்னா ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அப்போ மேற்கொண்டு ஓட்டிப் பார்க்காம, கயிறு கட்டி இழுத்துட்டாவது மெக்கானிக்கிட்ட போயிடுங்க.