அகலம் பார்த்து வாங்குங்கள்

“நாளையிலேர்ந்து ஓடலாம்னு இருக்கேன்ணா, எந்த கம்பெனி ஷூ வாங்கட்டும்?” ஆம்பூர் ஷூ ஃபேக்டரியில் வேலை பார்த்தவன், காலையில் கிரவுண்டில் ஓடவும் செய்கிறவன் என்பதால் என்னிடம் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். நான் கம்பெனி பெயர் சொல்வதில்லை. சாயங்காலமாக ஒரு வெள்ளைத்தாளின் மேல் நின்று, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு எடுத்து வரச் சொல்வேன். இரண்டு காலுக்கும் போட வேண்டும், ஏனென்றால் பலருக்கு ஒரு பாதம் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிது. சாயங்காலத்தில் பாதம் லேசாக வீங்கியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும்.

நான் இருந்தது லாஸ்டிங் செக்‌ஷன். லாஸ்ட் என்பது பாத வடிவில் செய்த பிளாஸ்டிக் அச்சு. தைத்து வந்த மேல்பாகத்தை அதன்மேல் இழுத்து மாட்டி, அடியை ஒட்டிவிட்டு, பிறகு அச்சை உருவி எடுப்பார்கள். உங்கள் கால் போய் உட்காருகிற இடம் அந்த லாஸ்ட் இருந்த இடம்தான். ஓடுகிற ஷூவில் தோலுக்குப் பதில் வலைத்துணி, அடியில் ஃபோம் என்று எல்லாம் மாறும். லாஸ்ட் மட்டும் அங்கேயும் உண்டு. ஒரே ஒன்பதாம் நம்பரில் இரண்டு லாஸ்ட்டைப் பக்கத்தில் வைத்தால், நீளம் சரியாக இருக்கும், விரல் பக்கத்து அகலம் ஒத்துப்போகாது. பெட்டியில் அச்சடிக்கிற நம்பர் நீளத்தை மட்டுமே சொல்கிறது.

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கிற ஷூ இங்கிலாந்து, ஐரோப்பிய, அமெரிக்க அளவுகளில்தான் வருகிறது. அந்த அளவுகள் நம் காலுக்குப் பொருந்துமா என்று அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை, நாடு முழுக்க 79 இடங்களில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தார்கள். இந்தியப் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிடப் பொதுவாக அகலம் என்று தெரியவந்தது. செருப்பிலேயே வளர்ந்த கால்களைப் பார்த்துப் பழகிய எனக்கு அதில் ஆச்சரியமில்லை.

அகலம் போதாமல் விரல் நெருக்கினால் நம் ஆட்கள் செய்வது, ஒரு நம்பர் கூட்டி வாங்குவது. ஒரு நம்பருக்கு நீளம் கிட்டத்தட்ட எட்டரை மில்லிமீட்டர் கூடும். அகலம் அதில் பாதி அளவுகூட அதிகரிக்காது. குதிகால் வழுக்கிக் கொப்புளம் வரும். ஷூ மடங்குகிற இடமும் கால் மடங்குகிற இடமும் தள்ளிப் போகும். நெருக்கினால் நம்பரைக் கூட்டாமல், அதே நம்பரில் அகல மாடல் கேளுங்கள். ஆண்கள் ஷூவில் 2ஈ, 4ஈ என்று போட்டிருக்கும். கடைக்காரர் “போடப் போட லூஸாயிடும் சார்” என்பார். தோல் ஷூவுக்கு அது ஓரளவு உண்மை. ஓடுகிற ஷூ வாங்கும்போதே காலை நெருக்காமல் இருக்க வேண்டும்.

கடையில் நான் முதலில் செய்வது, உள்ளே இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் நிற்பது. விரலோ பாதத்தின் ஓரமோ வெளியே வழிந்தால் அந்த ஜோடி வேண்டாம். வழியவில்லை என்றால் ஓடும்போது போடப்போகிற சாக்ஸோடு மாட்டி, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்க வேண்டும். பிறகு ஷூவைக் கையில் எடுத்து மடக்கிப் பாருங்கள். விரல்கள் தொடங்குகிற இடத்தில் மடங்கினால் சரி, நடுப்பாதத்தில் மடங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பெட்டியில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று மூன்று நான்கு வருடப் பழைய சரக்கை வாங்காதீர்கள். பசை விட்டுப்போகும். பாலியூரித்தேன் அடிப்பாகம் நம் ஊர் ஈரக்காற்றில் உள்ளேயே இற்று, ஒருநாள் திடீரென்று உதிரும்.

சில கடைகளில் மெஷின்மேல் நிற்கவைத்து, “உங்களுக்குத் தட்டைப் பாதம், இந்த மாடல்தான் போடணும்” என்கிறார்கள். அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் இதைச் சோதித்திருக்கிறார்கள். பாத வளைவைப் பார்த்து ஷூ கொடுத்தவர்களுக்கும், எல்லாருக்கும் பொதுவான ஷூ போட்டவர்களுக்கும் காயம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்தது. போட்டு நாலு எட்டு ஓடிப் பார்க்கும்போது உங்கள் காலுக்கு எது சுகமோ அதை வாங்குங்கள்.

சென்னையில் ஐடி வேலை பார்க்கிற என் அக்கா மகன் ஒருநாள், “மாமா, இதுல கார்பன் பிளேட் இருக்கு, கிப்சோகே போடுற மாதிரி” என்று படம் அனுப்பினான். 2019-இல் வியன்னாவில் கிப்சோகே மாரத்தான் தூரத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஓடியது அப்படிப்பட்ட ஷூவில்தான். இவன் அதுவரை பஸ்ஸைப் பிடிக்கத்தான் ஓடியிருக்கிறான். “மூவாயிரம் நாலாயிரத்துல அகலமா ஒண்ணு வாங்குடா, மிச்சக் காசை வெச்சுக்கோ” என்றேன். கோபம்தான், ஆனால் வாங்கினான்.

ஷூவுக்கு மெனக்கெடுகிற அளவுக்கு ஓட்டத்துக்கு யாரும் மெனக்கெடுவதில்லை. முதல் நாளே மூச்சிரைக்க நாலு ரவுண்டு அடித்துவிட்டு மூன்றாம் நாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். ஓடும்போது ஒவ்வொரு எட்டிலும் உடல் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு காலில் இறங்குகிறது. மூச்சு சில வாரத்தில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழக மாதங்கள் ஆகும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே, புதியவர்களுக்கு ஓட்டத்தின் நடுவே நடையைக் கலந்து கற்றுக்கொடுத்தார். நானும் அதையே சொல்கிறேன். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, மொத்தம் அரைமணி நேரம், வாரத்தில் மூன்று நாள். பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் போதும். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம். கணுக்காலுக்கு மேலே எலும்பின் ஓரமாக வலித்தால் சில நாள் நடை மட்டும். நாற்பது தாண்டியவர்களும் பிரஷர், சுகர் உள்ளவர்களும் டாக்டரைப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கட்டும். சுகர் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் வந்ததே தெரியாது. ஓடி முடித்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட வேண்டும்.

நல்ல ஷூ 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும். மேலே பார்க்கப் புதுசாக இருக்கும், ஃபோம் செத்திருக்கும். வெயிலில் நிற்கிற கார் டிக்கியில் போட்டு வைக்காதீர்கள். மழையில் நனைந்தால் இன்சோலை உருவிவிட்டு, உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவையுங்கள். காலையில் தாளை எடுத்ததும் ஷூவைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போடுங்கள். எங்கள் பக்கம் தேள் உண்டு.