ஏறும் விமானம் ஏன் தயங்குகிறது?

பெண்ணின் பிரசவத்துக்காக டில்லி போயிருந்தேன். பேரனுக்கு மூன்று மாதம் ஆனதும் எல்லோருமாகச் சென்னைக்குக் கிளம்பினோம். விமானம் புறப்பட்டு ஏழெட்டு நிமிஷம்தான் இருக்கும். விர்ரென்று ஏறிக்கொண்டிருந்தது, திடீரென்று இரைச்சல் குறைந்து, ஏறாமல் மட்டமாகப் போக ஆரம்பித்தது. எனக்கு அடிவயிறு கலங்கிப் போச்சு.

"என்ன மாப்பிள்ளை, இன்ஜினுக்கு ஏதாவது...?"

"ஒண்ணுமில்லை அத்தை. மேலே வேற விமானம் வந்துகிட்டிருக்கும். அது தாண்டுற வரைக்கும் இந்த உயரத்திலேயே இருன்னு கீழேயிருந்து சொல்லியிருப்பாங்க" என்றார்.

ஆகாயம் எவ்வளவு பெரிதானாலும், விமான நிலையத்தைச் சுற்றி ஏறுவதும் இறங்குவதுமாக ஒரே நெரிசல். அதனால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் 1,000 அடி இடைவெளி விட்டு உயரம் ஒதுக்குகிறார்கள்.

அந்த இடைவெளி தவறினால் என்ன ஆகும்? 1996 நவம்பர் 12 மாலை, டில்லியிலிருந்து கிளம்பிய சவூதி விமானம் சொன்னபடி 14,000 அடியில் நின்றது. எதிரே வந்த கஜகஸ்தான் விமானம் 15,000 அடியில் இருக்க வேண்டியது, அனுமதியின்றிக் கீழே இறங்கிவிட்டது. சர்க்கி தாத்ரி அருகே இரண்டும் மோதி, 349 பேரும் மாண்டார்கள். வளைகுடாவுக்கு வேலைக்குப் போன நம்மவர்கள் எத்தனையோ பேர் அதில் இருந்தார்கள்.

அன்று டில்லியில் வரவும் போகவும் ஒரே வழி. பிறகு தனித்தனியாகப் பிரித்தார்கள். அந்த இரண்டு விமானங்களிலும் இல்லாத மோதல் தடுப்புக் கருவியையும் கட்டாயமாக்கினார்கள். எதிரெதிரே வரும் விமானங்களின் கருவிகள் தமக்குள் கலந்து, ஒரு விமானியை 'ஏறு' என்றும் மற்றவரை 'இறங்கு' என்றும் எச்சரிக்கும்.

ஆனால் தரையை ஒட்டி, சுமார் 1,000 அடிக்குள், கருவி அப்படிக் கட்டளை தராது. அங்கே மனிதர் கண்தான் காவல். 2022 ஜனவரியில் பெங்களூரில் அடுத்தடுத்த ஓடுபாதைகளிலிருந்து இரண்டு விமானங்கள் ஒரே சமயத்தில் கிளம்பி நெருங்கிவிட்டன. ரேடாரில் கவனித்தவர் உடனே இரண்டையும் வெவ்வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

சகோதரிகளே, நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. கருவி எச்சரித்தால் விமானி அந்த நொடியே விமானத்தை ஏற்றுவார் அல்லது இறக்குவார். நம்மிடம் சொல்ல நேரமிருக்காது. ஆகவே விளக்கு அணைந்தாலும், உட்கார்ந்திருக்கும்வரை பெல்ட்டைக் கழற்றாதீர்கள். மடிக்குழந்தையை உங்கள் பெல்ட்டுக்குள் சேர்த்து இறுக்காமல், அதற்கென்று உள்ள சின்ன பெல்ட்டைப் பணிப்பெண்ணிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

சற்று நேரத்தில் மறுபடி இரைச்சல் கூடியது, விமானம் ஏறத் தொடங்கியது. முன்பு அந்தச் சத்தம் எனக்குப் பயம். அன்று நிம்மதியாக இருந்தது.