ஃபைபரா, ஏர்ஃபைபரா? ஒரகடத்தில் வாடகைக்கு இருப்பவர் எதைப் பார்த்து முடிவெடுக்கணும்?

வீட்டுக்கு வரும் ஃபைபர் இணைப்புகளை இயக்கும் முக்கியமான கருவியின் பெயர் ஓஎல்டி. ஒரு ஏரியாவின் ஃபைபர் கேபிள்கள் எல்லாம் போய்ச் சேரும் பெட்டி அதுதான். நோக்கியா நிறுவனம் அதை ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் தயாரிக்கிறது. ஆனா இதே ஊரில் புதுசா வேலைக்குச் சேர்ந்து வீடு தேடுபவரின் கேள்வி வேற: "இந்தத் தெருவுல எந்த கம்பெனி வயர் இருக்கு?"

விளம்பரத்தில் பார்த்தால் ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல், தனியார் இணைய நிறுவனங்கள், லோக்கல் கேபிள்காரர் என்று போட்டி பலமாக இருக்கும். நம்ம வாசலுக்கு வரும்போதுதான் அது உண்மையான போட்டியா என்பது தெரியும். தெருவில் ஒரே வயர் இருந்தால், அவங்க சொல்றதுதான் ரேட்.

போட்டி எப்படி சூடுபிடித்தது?

2019 செப்டம்பர் 5-ல் ஜியோ ஃபைபர் வணிகரீதியாக அறிமுகமானது. அடுத்த திருப்பம் 2023. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஏர்டெல், டெல்லியிலும் மும்பையிலும் எக்ஸ்ட்ரீம் ஏர்ஃபைபரைத் தொடங்கியது. செப்டம்பர் 19-ல் ஜியோ ஏர்ஃபைபர் 8 நகரங்களில் வந்தது. அதில் சென்னையும் ஒன்று.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஃபைபரில் கண்ணாடி இழை வழியாக வெளிச்சம் வீடு வரை வருகிறது. பரவலாக இருக்கும் ஜிபான் தொழில்நுட்பத்தில் ஒரு இழையின் சுமார் 2.5 ஜிபிபிஎஸ் வேகத்தை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்ளும். 32 வீடும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இழுத்தால்கூட, ஆளுக்கு ஏறக்குறைய 78 எம்பிபிஎஸ் கிடைக்கும்.

ஏர்ஃபைபரில் பெயரில் மட்டும்தான் ஃபைபர். மாடியில் வைக்கும் ஒரு ரிசீவர், 5ஜி டவரிலிருந்து சிக்னல் வாங்கி, உள்ளே வைஃபையாகக் கொடுக்கும். அதே டவரைத்தான் சுற்றியுள்ள செல்போன்களும் பயன்படுத்துகின்றன. ஷிஃப்ட் முடிந்து எல்லாரும் ரூமுக்கு வந்து வீடியோ போடும் நேரத்தில் வேகம் குறைய வாய்ப்பு இருப்பது இதனால்தான்.

கம்பெனிகள் ஏன் ஏர்ஃபைபரைத் தள்ளுகின்றன?

கேபிள் பதிக்க சாலையைத் தோண்டணும். அதற்கு நெடுஞ்சாலைத் துறை, ஊராட்சி, நகராட்சி என ஒவ்வொரு இடத்திலும் அனுமதி வேணும். இதை எளிதாக்கத்தான் 2025 ஜனவரி 1 முதல் புதிய வழியுரிமை விதிகள் அமலுக்கு வந்தன. டவர் ஏற்கெனவே நிற்கிறது. 5ஜி-க்குப் போட்ட முதலீட்டில் மிச்சமிருக்கும் திறனை வீடுகளுக்கு விற்றால் கம்பெனிக்கு லாபம்.

இந்தத் தொழில் வழித்தடத்துக்கு இன்னொரு காரணமும் பொருந்தும். வேலைக்காக வந்து தங்குபவர்கள் இங்கே ஏராளம். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட சிப்காட் விடுதியில் மட்டும் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம். ஒப்பந்தம் முடிந்தால் ரூம் மாறும் ஊரில், வயர் இழுப்பதைவிட பெட்டியைக் கழற்றி மாட்டுவது சுலபம்.

பில்லில் எங்கே கவனிக்கணும்?

ஜியோ ஏர்ஃபைபர் வந்தபோது ஆரம்பத் திட்டம் மாதம் 599 ரூபாய், வேகம் 30 எம்பிபிஎஸ். 18% ஜிஎஸ்டி சேர்த்தால் சுமார் 707 ரூபாய். 100 எம்பிபிஎஸ் வேணும்னா 899 ரூபாய், அதற்கும் வரி தனி. இன்ஸ்டாலேஷன் கட்டணம் 1,000 ரூபாய். ஒரு வருடத் திட்டம் எடுத்தால் அது கிடையாது.

சலுகை மாதிரி தெரியும் இந்த இடத்தில்தான் கணக்குப் போடணும். ஆறு மாதத்தில் ஒரகடத்திலிருந்து ஓசூருக்கு வேலை மாறினால் என்ன ஆகும்? 1,000 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், முன்பணமாகக் கட்டிய மீதி ஆறு மாதத் தொகை சிக்கிக்கொள்ளலாம். மொபைல் நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றும் வசதி 2011-லிருந்து நாடு முழுக்க இருக்கிறது. வீட்டு இணைய இணைப்பை அப்படி மாற்ற முடியாது.

இந்த விலை நிலைக்குமா?

மொபைலில் நடந்ததைப் பார்த்தால் உத்தரவாதம் சொல்ல முடியாது. 2016-ல் ஜியோ வந்தபோது டேட்டா விலை சரிந்தது. 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா மூன்றுமே அடுத்தடுத்து கட்டணத்தை உயர்த்தின. ஒரு தெருவில் ரெண்டு மூணு வழி இருக்கும்வரைதான் வாடிக்கையாளருக்கு பேரம் பேச இடம் இருக்கும்.

பணம் கட்டுவதற்கு முன்

* ஒரு வருடத்துக்கு மேல் அதே வீடு, தெருவில் ஃபைபர் இருக்கிறது என்றால் ஃபைபரே நல்லது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு இன்னும் பொருந்தும்.
* சீக்கிரம் மாறலாம் என்றால், குறுகிய காலத் திட்டத்தில் ஏர்ஃபைபர். புது முகவரிக்கு மாற்ற முடியுமா என்று முதலிலேயே கேளுங்கள்.
* "அன்லிமிடெட்" என்பதற்கும் வரம்பு உண்டு. எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும் என்று பாருங்கள்.
* பக்கத்து ரூம்காரரிடம் இரவு 9 மணிக்கு ஒரு ஸ்பீடு டெஸ்ட் போடச் சொல்லுங்கள். கடைக்காரர் காலை 11 மணிக்குக் காட்டுவது கணக்கில் வராது.
* புகார் செய்தால் புகார் எண்ணை வாங்கி வையுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். ட்ராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை.