மதுவம் இடும் வெப்பநிலை

மதுவம் இடும் வெப்பநிலை என்பது, பியர் தயாரிப்பில் கொதிக்கவைத்து ஆற்றிய மால்ட் சாற்றில் மதுவத்தை (ஈஸ்ட்டை) சேர்க்கும் வேளையில் அச்சாறு கொண்டிருக்க வேண்டிய வெப்பநிலை ஆகும். மதுவம் ஓர் உயிருள்ள நுண்ணுயிர். சாறு மிகச் சூடாக இருந்தால் அது இறந்துவிடும். மிகக் குளிர்ந்திருந்தால் செயற்படாமல் உறங்கிக் கிடக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெப்பநிலைகளிலும் பியரின் மணமும் சுவையும் பாகைக்குப் பாகை மாறுபடும்.

மதுவமும் வெப்பமும்

முளைகட்டிய வாற்கோதுமையிலிருந்து எடுக்கப்படும் இனிப்பான நீரே மால்ட் சாறு எனப்படுகின்றது. இது ஹாப்ஸ் எனும் கொடியின் பூக்களுடன் கொதிக்கவைக்கப்படுகின்றது. இதிலுள்ள சர்க்கரையை மதுவம் எரிசாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றது. பியருக்குப் பயன்படும் மதுவங்கள் இரு வகைப்படும்.

ஏல் வகை: சாக்கரோமைசீசு செரவிசியே. ஏறத்தாழ 18 முதல் 22 பாகை செல்சியசில் நன்கு நொதிக்கும்.

லாகர் வகை: சாக்கரோமைசீசு பாசுடோரியானசு. ஏறத்தாழ 8 முதல் 13 பாகையில் நொதிக்கும்.

ஏல் மதுவம் மிக வேகமாகப் பெருகுவது 30 பாகையை ஒட்டிய வெப்பநிலையிலாகும். ஆயினும் அந்த வெப்பநிலை பியருக்கு ஏற்றதன்று. வேகமாகப் பெருகும் மதுவம், தொண்டையைக் காந்தச் செய்யும் உயர் ஆல்ககால்களையும், வாழைப்பழ மணம் தரும் எசுத்தர்களையும் மிகுதியாக உண்டாக்கும். 40 பாகைக்கு மேல் மதுவம் நலிவடையும். 55 பாகையைத் தாண்டினால் சில நிமிடங்களில் இறந்துவிடும்.

இரு வேறு வெப்பநிலைகள்

உலர் மதுவத்தைப் பயன்படுத்துவோர் இரு வெப்பநிலைகளைக் குழப்பிக்கொள்வது உண்டு. உலர்ந்த மதுவத்தை முதலில் வெதுவெதுப்பான நீரில் ஊறவைப்பது மரபு. உலர்ந்து சுருங்கிய உயிரணுவின் சவ்வு மீண்டும் உருப்பெறும்வரை, குளிர்ந்த நீரில் அதன் உட்பொருள்கள் கசிந்துவிடக்கூடும் என்பதே இதற்குக் காரணம். ஊறவைக்கும் நீரின் வெப்பநிலை, மதுவ வகைக்கேற்ப 25 முதல் 40 பாகைக்குள் அமையும்; உறையில் அச்சிட்டுள்ள அளவையே பின்பற்ற வேண்டும். இது ஊறவைக்கும் நீருக்கான அளவேயன்றிச் சாற்றுக்கானதன்று.

ஊறிய மதுவத்தைச் சாற்றில் ஊற்றும்போது இரண்டின் வெப்பநிலைக்கும் இடையே 10 பாகைக்கு மேல் வேறுபாடு இல்லாதிருப்பது நல்லது. வேறுபாடு மிகுந்தால், சிறிது சிறிதாகச் சாற்றை மதுவத்துடன் கலந்து அதைப் படிப்படியாகக் குளிரப் பழக்குவர்.

ஆறவைத்தல்

கொதித்த சாறு விரைவாக ஆற வேண்டும். இளஞ்சூட்டில் நெடுநேரம் கிடக்கும் இனிப்பு நீரில், மதுவத்திற்கு முன்பே வேறு நுண்ணுயிர்கள் குடியேறிப் புளிக்கவைத்துவிடும். எனவே பாத்திரத்தைக் குளிர்நீரில் அமிழ்த்தியோ, சாற்றினுள் செம்புச் சுருள்குழாயை வைத்து அதனூடே நீரைச் செலுத்தியோ ஆற்றுவர். எந்த நீரால் ஆற்றுகிறோமோ, அந்த நீரின் வெப்பநிலைக்குக் கீழே சாறு இறங்காது. குழாய்நீரே 30 பாகையில் இருக்கும் ஊர்களில் பனிக்கட்டியின்றி 20 பாகையை எட்ட இயலாது.

மேலும், நொதித்தலே வெப்பத்தை வெளியிடும் வினையாகும். நொதிக்கும் சாறு சுற்றுப்புறத்தைவிடச் சில பாகைகள் கூடுதலாகச் சூடேறும். எனவே விரும்பும் வெப்பநிலைக்குச் சற்றுக் கீழேயே மதுவம் இடப்படுகின்றது.

வரலாறு

குளிரூட்டும் பொறிகள் வருவதற்கு முன் வெப்பநிலையைப் பருவகாலமே தீர்மானித்தது. செருமனியின் பவேரியாவில் 1553 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரையிலான வெப்பக் காலத்தில் பியர் காய்ச்சுவதைத் தடை செய்தது. 1870களில் கார்ல் வான் லிண்டே உருவாக்கிய குளிரூட்டும் பொறிகள், ஆண்டு முழுவதும் லாகர் தயாரிக்க வழிவகுத்தன. 1883 இல் எமில் கிறித்தியன் ஆன்சன் கோபனேகனிலுள்ள கார்ல்சுபெர்க் ஆய்வகத்தில் ஒற்றை உயிரணுவிலிருந்து தூய மதுவத்தை வளர்த்தார்.

இந்தியாவில் பருவகாலத்தின் வேலையை மலைகள் செய்தன. பிரித்தானியர் காலத்துப் பழைய பியர் ஆலைகள் பல குளிர்ந்த மலைகளில் அமைந்தன. இமயமலைப் பகுதியில் கசௌலி இவ்வாறு அமைந்த இடமாகும். தமிழ்நாட்டில் நீலகிரி அத்தகைய இடமாயிற்று. அங்கு 1857 ஆம் ஆண்டளவில் காசில் ஆலை தொடங்கப்பட்டது. பின்னர் 1915 இல் தாமசு லீசுமன் என்பவர் அதனையும் நீலகிரி ஆலை உள்ளிட்ட பிற தென்னிந்திய ஆலைகளையும் இணைத்து யுனைடெட் புரூவரீசு நிறுவனத்தை உருவாக்கினார்.

தமிழ்நாட்டுச் சூழல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள இராசபாளையம், திருவில்லிபுத்தூர் போன்ற ஊர்களில் கோடைப் பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டுவது வழக்கம். இத்தகைய சூழலில் ஏல் மதுவம் இறக்காது. ஆனால் கட்டுக்கடங்காத வேகத்தில் நொதிக்கும். நார்வே நாட்டின் பண்ணை வீடுகளில் வழிவழியாகக் காக்கப்பட்ட குவைக் எனும் மதுவ வகைகள் 30 முதல் 40 பாகையிலும் குறையற்ற பியரைத் தரவல்லவை.

தமிழ்நாட்டில் உரிமமின்றி மது தயாரித்தல் 1937 ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றமாகும். வீட்டுப் பயன்பாட்டிற்கும் இதில் விலக்கில்லை. பிரித்தானியாவில் 1963 இலும், ஐக்கிய அமெரிக்காவில் நடுவணரசுச் சட்டத்தின்படி 1978 இலும் வீட்டில் பியர் தயாரிக்க இசைவு தரப்பட்டது.

எனினும் இதே நெறி தமிழர் சமையலறைக்குப் புதிதன்று. காய்ச்சிய பாலை 40 பாகை அளவிற்கு ஆற்றி, விரல் பொறுக்கும் சூட்டில் உறை ஊற்றுவர். கொதிக்கும் பாலில் ஊற்றினால் உறையிலுள்ள பாக்டீரியாக்கள் மடியும். குளிர்ந்த பாலில் ஊற்றினால் தயிர் தோயாது. உயிரி வேறு, பாகை வேறு. ஆனால் சேர்க்கும் கணத்தின் சூடே விளைவைத் தீர்மானிக்கிறது என்பது இரண்டிற்கும் பொது.

இவற்றையும் பார்க்கவும்

மதுவம்
நொதித்தல்
தயிர்
கள்